ஒரு பிடி தேரிமண்

மூக்கு அரிக்குது. எப்பவும் இதுதான். அசையக் கூடாதுன்னு எனக்கு நானே சட்டம் போட்டுப் படுத்த மறுநிமிஷம் மூக்கு அரிக்க ஆரம்பிச்சிரும். சொறிஞ்சா எல்லாம் போச்சு, சொறியாட்டா உயிர் போகும். சனியன், மூக்கையே நினைக்காதே, மேல பாரு. மேல ஓடு இருக்கு, ஓட்டுக்கு நடுவுல ஒரு கண்ணாடி, கண்ணாடி வழியா வெயில் சதுரமா இறங்கி என் முழங்காலுக்குப் பக்கத்துல கெடக்கு. அந்தச் சதுரம் நகர்ந்து போய் அந்தா நிக்குற இரும்புத் தூண்ல ஏறுற வரைக்கும் நான் இப்படியே கெடக்கணும். அதுதான் நிகழ்ச்சி. ராயபுரத்துல ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி, அதுக்கு வெள்ளையடிச்சு கலைக்கூடம்னு பேர் வச்சிருக்காங்க. வாசல்ல என் படம், படத்துக்குக் கீழ ‘கிடப்பு’, அதுக்கும் கீழ ‘நிகழ்த்துபவர்: இசை’. இசையாம் இசை. எங்க அப்பா எனக்கு வச்ச பேரு இசக்கித்தாய். காலேஜ்ல சேர்ந்த புதுசுல எவளோ ஒருத்தி அதைச் சுருக்கி இசைன்னா, நானும் பல்லைக் காட்டிக்கிட்டு சரின்னுட்டேன். ஆள் வருது. செருப்புச் சத்தம். வாசல்ல ஜெர்லின் நிக்கா, என் கூட்டுக்காரி, எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரி, இங்க ஒரே ரூம்லதான் இருக்கோம். வர்றவங்ககிட்ட அவ சொல்லுதது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. “உள்ள பேசக் கூடாது. அந்தக் குமியல்ல இருந்து ஒரு கை மண்ணு எடுத்து அவ மேல எங்க வேணும்னாலும் வைக்கலாம். அவ்வளவுதான்.” எங்க வேணும்னாலும்னு சொல்லச் சொன்னது நான்தான், அனுபவிக்க வேண்டியதுதான். மொத ஆளா வந்த ஒருத்தன் நெஞ்சுல கொண்டு போய் வச்சான், வச்ச கையை எடுக்க அவனுக்கு மனசே இல்ல. கண்ணை மட்டும் திருப்பி அவன் மூஞ்சியைப் பாத்தேன், வெடுக்குன்னு எடுத்துக்கிட்டான். மண்ணுன்னதும் கை எங்க போகுதுன்னு பாரு. அவனுக்குப் பெறகு ஒரு வயசான அம்மா குனிய முடியாமக் குனிஞ்சு என் பாதத்துல வச்சாங்க, கை சில்லுன்னு இருந்துது. ஒரு சின்னப் பொண்ணு என் உள்ளங்கையில வச்சு, விரலை ஒவ்வொண்ணா மூடி விட்டுட்டுப் போனா. எனக்கு அழுகை வந்துட்டு. அழுதாலும் தப்பில்ல, ஆனா கண்ணீர் காதுக்குள்ள இறங்கும், காதுல ஏற்கெனவே மண்ணு கெடக்கு.

தேரி மண்ணு. இங்க வர்ற யாருக்கும் தேரின்னா என்னன்னு தெரியாது. கடலுக்குப் பக்கத்துலயே செக்கச் செவேல்னு மணல் மேடு மேடாக் கெடக்கும், காத்து அடிச்சா மேடு இடம் மாறும், அதுதான் தேரி. இந்தக் கலைக்கூடத்தை நடத்துற வசுமதி மேடம் ஒரு கை அள்ளிப் பாத்துட்டு, “என்ன ஒரு கலர் இசை! அப்படியே ரத்தம்!”னாங்க. ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல மேடம், மிளகாய்ப் பொடி மாதிரி இருக்கும், கால்ல ஒட்டிக்கிட்டு அடுப்படி வரைக்கும் வரும், இதைப் பெருக்கிப் பெருக்கியே எங்க அம்மாக்கு இடுப்பு போச்சுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. சொல்லல, தலையாட்டினேன். இந்த ஊர்ல தலையாட்டத் தெரிஞ்சா பாதிக் கலை கைவந்த மாதிரி. இப்ப நான் கட்டியிருக்கது அம்மா சேலை. படுத்திருக்கது அம்மா படுத்த மாதிரி, மல்லாக்க, கையை விரிச்சு. எங்க ஊரு செம்மணல்விளை, இப்ப அப்படி ஒரு ஊரு கிடையாது. தொழிற்பூங்கான்னு சொல்லி மொத்தத்தையும் கம்பிவேலி போட்டு வளைச்சிட்டாங்க. முருங்கைத் தோட்டம், பனை, முந்திரிக்கொல்லா, இசக்கியம்மன் கோயில், மயானம், எல்லாம் வேலிக்கு உள்ள. நாங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் கவர்மெண்டு காலனியில. கோயிலை இடிக்க ஜேசிபி வந்த அன்னைக்கு எங்க அம்மா சண்முகக்கனி அதுக்கு முன்னால போய்ப் படுத்தா. மறியல்னோ போராட்டம்னோ அவளுக்குப் பேரெல்லாம் தெரியாது. ஜேசிபிக்காரனைப் பாத்து, “ஏ தம்பி, வெயில் கொஞ்சம் தாழட்டும், அது வரைக்கும் நான் இங்கனயே கெடக்கேன்”னு சொல்லிட்டு வானத்தைப் பாத்துப் படுத்துட்டா. நாலு பொம்பளைப் போலீஸ் வந்து கைக்கு ஒருத்தி காலுக்கு ஒருத்தின்னு பிடிச்சுத் தூக்கினாங்க. சேலை ஏறிட்டு. நான் ஓடிப் போய் சேலையை இழுத்து விட்டேன், அதுதான் என்னால முடிஞ்சுது. அப்பவும் அவ முனங்கிக்கிட்டே போனா, வெயில் தாழலையே, இன்னும் வெயில் தாழலையேன்னு. அடுத்த வருஷமே காலனி வீட்டுல மூச்சு முட்டிச் செத்துப் போனா. எங்களுக்குப் புதைக்கிறதுதான் வழக்கம், ஆளுக்கு ஒரு கை மண்ணு போடணும். மயானம் வேலிக்குள்ள இருக்கு, எங்க கொண்டு போக? டவுன்ல கரண்டு அடுப்புக்குக் கொண்டு போனோம். தள்ளினாங்க, கதவை மூடினாங்க, முடிஞ்சுது. மண்ணே இல்லாம அப்பா வெறுங்கையை மூடிக்கிட்டு நின்னாரு, உள்ளுக்குள்ள என்னமோ இருக்க மாதிரி. அந்தக் கை எனக்கு மறக்கவே மாட்டேங்குது. அவளுக்கு விழாத மண்ணுதான் இப்ப என் மேல விழுது, வசுமதி மேடம் நோட்டீஸ்ல உடல், நிலம், அதிகாரம்னு என்னென்னமோ போட்டிருக்காங்க, எனக்கு அவ்வளவுதான் விஷயம்.

மறுபடியும் மூக்கு. அப்பாவை நினை, அரிப்பு போயிரும். அப்பாவை நினைச்சா வேற எங்கயாவது அரிக்கும். அப்பா பேரு சுயம்புலிங்கம், முருங்கை போட்டவரு, அதிகம் பேச மாட்டாரு. வருஷத்துல ஒரு நாள் மட்டும் அவரு சுயம்புலிங்கம் இல்ல. இசக்கியம்மன் கோயில் கொடை, அதான் திருவிழா, அதுக்கு அவருதான் சாமியாடி. மேளம் முறுக முறுக மொதல்ல வலது கால் பெருவிரல் தரையைச் சொரண்டும். நான் அந்த விரலையே பாத்துக்கிட்டு நிப்பேன். விரல்ல இருந்து முழங்கால், முழங்கால்ல இருந்து இடுப்பு, அப்படியே ஏறி முகத்துக்கு வரும்போது அப்பா போயிருப்பாரு, அப்பா உடம்புல ஒரு பொம்பளை நிப்பா. செவப்புச் சேலை, கை நெறையப் பச்சை வளையல், இடுப்புல மண்ணால செஞ்ச ஒரு பிள்ளை. ஊர்ல பெரிய ஆளுங்க எல்லாம் அவரு கால்ல விழுவாங்க. மறுநாள் காலையில அதே ஆளுங்க “ஏலே சுயம்பு”ன்னு கூப்பிட்டு வேலை ஏவுவாங்க. காலேஜ்ல வாத்தியார் உடம்புதான் மேடை, உடம்புதான் அரசியல்னு பாடம் நடத்தினப்ப நான் வாயைப் பொத்திச் சிரிச்சேன், இதுக்கா ஃபீஸ் கட்டினோம்னு. ஜேசிபி வந்த அன்னைக்கு ஊரே அப்பாவைத்தான் பாத்துது. இன்னைக்கு வராட்டா இசக்கி என்னைக்கு வருவா? வந்து நாக்கைத் துருத்திக்கிட்டு நின்னா எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்? மேளக்காரன் வேர்க்க விறுவிறுக்க அடிச்சான். அப்பா கண்ணை மூடி நின்னாரு. நின்னாரு, நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. நான் விரலைப் பாத்தேன். விரல் மரக்கட்டையா இருந்துது. அதுக்குப் பெறகுதான் அம்மா போய்ப் படுத்தா. அன்னைக்குச் சாயங்காலம் போலீஸ் விட்டு வீட்டுக்கு வந்தவ, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கேட்டா, “ஏங்க, அவ வராட்டாத்தான் என்ன, வந்த மாதிரி நடிச்சிருக்கலாம்லா? நாலு போலீஸாவது பயந்திருப்பான்லா?” அப்பா, “இசக்கியை நடிக்கவாட்டி சொல்லுத?”ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. செத்துப் போற வரைக்கும் அவ அதைத் திரும்பக் கேக்கல, அவரும் பெறகு ஆடல. கோயில் இல்ல, ஆட இடமில்ல. நான் இதே மாதிரி முன்ன ஒரு தடவை ஒரு ஆபீஸ் வாசல்ல படுத்தேன், அதை எவனோ செல்போன்ல எடுத்து அப்பாக்கு அனுப்பிட்டான். போன் வந்துது. “ஒங்க அம்மை கெடந்தது நடிப்பு இல்லட்டி.” வச்சுட்டாரு. அன்னைக்கு வச்ச போன்தான். நான் எத்தனையோ தடவை அடிச்சுப் பாத்துட்டேன், மணி போகும், எடுக்க மாட்டாரு. இது நடிப்பு இல்லப்பான்னு ஒரே ஒரு தடவை அவருகிட்ட சொல்லணும். நடிப்பு இல்லன்னா வேற என்னன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது, அது வேற விஷயம்.

வயித்துல என்னமோ குத்துது. யார் வச்ச மண்ணுலயோ முள்ளு இருக்கு. மூச்சை இழுத்தா குத்துது, விட்டா குத்தல. உடைமரத்து முள்ளா இருக்கும். மூச்சை மேலாக்க விடு. ஒரு அக்கா மண்ணு வைக்க வந்தவங்க அதைப் பாத்துட்டாங்க, ரெண்டு விரலால எடுத்து வெளிச்சத்துல பிடிக்காங்க. முள்ளு இல்ல. பச்சையா வளைஞ்சு, ஒடைஞ்ச கண்ணாடி வளையல் துண்டு. அதையும் கலைன்னு நினைச்சாங்களோ என்னவோ, பவ்யமா எடுத்த இடத்துலயே திரும்ப வச்சுட்டுப் போயிட்டாங்க. அடி ஆத்தே. பச்சை வளையல். தேரியில பச்சை வளையல் ஒரே இடத்துலதான் ஒடையும். கொடை முடிஞ்சதும் பொம்பளைங்க இசக்கி பீடத்துல போட்ட வளையல் எல்லாம் அங்கனயே ஒடைஞ்சு மண்ணோட மண்ணாக் கெடக்கும், அம்மா வருஷா வருஷம் கை நெறைய வாங்கிப் போடுவா. அப்ப இந்த மண்ணு. வேலிக்குள்ள மேட்டை வெட்டி லாரி லாரியா வெளிய கொண்டு போறாங்க, ஒரு டிரைவரைப் பிடிச்சுக் கெஞ்சி ரெண்டு மூட்டை வாங்கினேன். எந்த மேட்டுலன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. இது இசக்கி காலடி மண்ணு. இதுக்காகத்தானே அப்பா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினாரு. குடி பெயர்ந்து போனா பழைய கோயில்ல இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டுப் போகணும், புது இடத்துல அதைப் போட்டுப் பீடம் எழுப்பினாத்தான் சாமி கூட வரும். தேரியில எங்கயோ அள்ளினது ஆகாது, அவ பீடத்தடி மண்ணுதான் ஆகும். காலனிக்குப் பின்னால ஒரு பீடம் கட்டி, சுண்ணாம்பு அடிச்சு, உள்ள ஒண்ணும் இல்லாம வெறுமனே நிக்குது. ஒரு அதிகாரி அப்பாகிட்ட, “எங்க எடுத்தாலும் மண்ணு மண்ணுதானே பெரியவரே”ன்னு சொன்னானாம். அப்பா எந்திரிச்சு வந்துட்டாரு. நான் என்ன செஞ்சிருக்கேன்? அதைச் சாக்கோட கொண்டு வந்து கொட்டி, செருப்புக் காலோட மிதிச்சு, ஒத்திகை பாத்து, கலர் நல்லாருக்குன்னு தலையாட்டி. தாயே, எனக்குத் தெரியாது. தெரிஞ்சா செய்வேனா? பிடிமண்ணு எடுத்தவன் அதைத் தலையில வச்சுத்தான் கொண்டு போகணும், வழியில வாயைத் திறக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்தா சாமி பழைய இடத்துலயே நின்னுக்கிடும். அப்பாவோட பூட்டன் எங்கயோ வடக்க இருந்து செம்மணல்விளைக்கு இசக்கியைக் கொண்டு வந்தப்ப, பின்னால நின்னு பொண்டாட்டி அலறி அழுதும் திரும்பலையாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், “கல்லுளிமங்கன்! அந்த வம்சந்தானே ஒங்க அப்பா”ன்னு முடிப்பா.

வாசல்ல என்னமோ சத்தம். பேசக் கூடாதுன்னு சொல்லியும் யாரோ பேசுதாங்க. “என்னட்டி இது? உசுரோட கெடக்க பிள்ளை மேல மண்ணள்ளிப் போடுதாவ!” அப்பா குரல். எப்பா. ஜெர்லின் வேலைதான் இது, அவதான் கூப்பிட்டிருக்கணும், இருக்கட்டும், ரூமுக்கு வரட்டும் அவ. “மாமா, மெதுவா மாமா, உள்ள பேசக் கூடாது.” “பேசக் கூடாதா? எழவு வீட்டுல கெடத்துன மாதிரி எம்பிள்ளையைக் கெடத்திட்டு நான் பேசக் கூடாதோ? வெளங்குமாட்டி ஒங்களுக்கு? எட்டி இசக்கி! எந்திட்டி!” இசக்கி. இந்தக் கட்டடத்துல இந்தப் பேரை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. என் முழங்கால் தானா மடங்கப் பாக்குது, சின்ன வயசுல இந்தக் குரலுக்கு நான் எந்திரிக்காம இருந்ததே இல்ல. எந்திரிக்க மாட்டேன் எப்பா. வெயில் இன்னும் தாழல. அம்மாவைத் தூக்கினாங்க, என்னை யாரும் தூக்கல, நானா எப்படி எந்திரிப்பேன்? கோவத்தோட நடந்து வர்ற செருப்பு, தேய்ஞ்ச ரப்பர் செருப்பு, ஒரு பக்கமாச் சாயும், எனக்குத் தெரியும். கண்ணை ஓரத்துக்குத் தள்ளிப் பாத்தா கால் மட்டும் தெரியுது. குமியல்கிட்ட வந்ததும் கால் நின்னுட்டு. என்னத்தைப் பாக்காரு? குனியுதாரு. அவரு கையில என்ன? எனக்குத் தெரியல, ஆனா தெரியும். குமியல்லயும் வளையல் கெடக்கும். என் வயித்துல குத்தினது அவரு கையிலயும் குத்தாதா. “ஜெர்லின், இந்த மண்ணு எங்குள்ளது?” குரல் மாறிட்டு. “நம்ம மண்ணுதான் மாமா, வேலிக்குள்ள உள்ளது.” பெறகு கால் செருப்பை விட்டுப் பின்னால எடுத்து வச்சு, வெறுங்காலா நிக்குது. “எல்லாரும் செருப்பைக் கழத்துங்க.” சத்தம் போட்டுச் சொல்லல, வீட்டுல சொல்லுத மாதிரி சொன்னாரு. இவங்க இதையும் நிகழ்ச்சின்னு நினைச்சிட்டாங்க, பொத்துப் பொத்துன்னு எல்லாரும் கழத்துதாங்க, வசுமதி மேடம் குதிகால் செருப்பு கூட விழுற சத்தம் கேக்குது. வேற நேரம்னா சிரிச்சிருப்பேன். இப்ப ஹால் முழுக்க வெறுங்கால்.

வாராரு. பக்கத்துல வந்து நிக்காரு. முகத்தைப் பாக்கணும்னா தலையைத் திருப்பணும், திருப்ப மாட்டேன். கால் தெரியுது. வெடிச்ச குதிகால், நகம் போன விரல், பெருவிரல். பெருவிரல் தரையைச் சொரண்டுது. ஐயோ. சிமெண்டுத் தரையில நகம் கர்ர்ருன்னு உரசுது, அது என் காதுக்குப் பக்கத்துலயே கேக்குது. வந்துட்டாளா? இங்கயா? வராதே தாயே, இங்க வராதே, எல்லாரும் போனை நீட்டிக்கிட்டு நிக்காங்க, எங்க அப்பாவை நாளைக்கு ஊரெல்லாம் பாத்துச் சிரிக்கும். அன்னைக்கு வரச் சொன்னப்ப வராத முண்டை இன்னைக்கு எதுக்கு வார? அப்படிச் சொல்லிராதட்டி, வாயில அடிச்சுக்கோ. வா தாயே. வராதே. வா. முழங்கால் நடுங்குது. வேட்டி நடுங்குது. அப்பா அந்தக் காலைத் தூக்கி, ஒரு தடவை ஓங்கி ஊனி, அப்படியே அழுத்திக்கிட்டு நிக்காரு. ஆடணும்னு வந்தவளை இரு இருன்னு பிடிச்சு நிறுத்துத மாதிரி. நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குது. மடங்கி என் பக்கத்துல உக்காருதாரு. பீடியும் வேர்வையுமா அவரு வாசனை, ராத்திரி முழுக்க பஸ்ல உக்காந்து வந்த வாசனை. இப்ப முகம் தெரியுது. மெலிஞ்சிட்டாரு. தாடி நரைச்சிட்டு. என் கண்ணை அவரு பாக்கல, என் வயித்தைப் பாக்காரு, அங்க கெடக்க பச்சைத் துண்டைப் பாக்காரு. வைங்க எப்பா. ஒரு கை வைங்க, அம்மாக்கு வைக்காததை எனக்கு வைங்க, அதுக்குத்தானே நான் கெடக்கேன். அவரு கை இறங்கி வருது. ரெண்டு விரலால ஒரு சிட்டிகை எடுத்து என் நெத்தியில பூசுதாரு, கொடையில வர்ற பிள்ளைகளுக்குத் திருநீறு பூசுத மாதிரி, கட்டைவிரலால ஒரே இழுப்பு. அப்புறம் துண்டைத் தோள்ல இருந்து எடுத்து விரிச்சாரு. எல்லாரும் வச்ச இடத்துல இருந்து, என் வயித்துல இருந்து, வளையலோட சேர்த்து ஒரு பிடி அள்ளினாரு. அள்ளின இடத்துல காத்து படுது, சில்லுன்னு இருக்கு. துண்டுல வச்சு முடிஞ்சு, கண்ணுல ஒத்தி, தலையில வச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

போறாரு. என் தலைமாட்டுப் பக்கமா அந்த வெறுங்கால் நடந்து போகுது, செருப்பு குமியல்கிட்டயே கெடக்கு. “மாமா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. மாமா, இவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க மாமா.” ஜெர்லின் கெஞ்சுதா. அவரு நடந்துக்கிட்டே இருக்காரு. கோவம்னு நினைச்சுக்கிட்டு அவ அழுதுருவா போல இருக்கு. கோவம் இல்ல ஜெர்லின், அவரு பேச மாட்டாரு. கோயம்பேட்டுலயும் பேச மாட்டாரு, பஸ்ல கண்டக்டர் கேட்டா விரலால காட்டுவாரு, விழுப்புரம், திருச்சி, மதுரை, விடிய விடியத் தலையில கையை வச்சுக்கிட்டு வாயைத் திறக்காமப் போவாரு. யாரோ கை தட்டுதாங்க. ஒருத்தர் தட்டவும் எல்லாரும் தட்டுதாங்க, வசுமதி மேடம் மூக்கை உறிஞ்சுதாங்க. என் கண்ணீர் காதுக்குள்ள இறங்கிட்டு, மண்ணு சேறாகிட்டு, கை தட்டுத சத்தம் தண்ணிக்கு அடியில கேக்குத மாதிரி கேக்குது. எப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டா போதும். திரும்பிருவாரு. இத்தனை நாளா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாக்க மாட்டாரான்னு ஏங்கினவதான் நான். வெயில் சதுரம் தூண்ல ஏறிட்டு. ஜெர்லின் குனிஞ்சு, “முடிஞ்சுதுட்டி, எந்திரி, ஓடிப் போய்க் கூப்பிடு”ங்கா. நான் தலையைச் சாய்ச்சு வாசலைப் பாக்கேன். தலையில முடிச்சோட அந்த முதுகு வெளிச்சத்துக்குள்ள போகுது. திரும்பிராதீங்க எப்பா. என்ன ஆனாலும் திரும்பிராதீங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். அவரு திரும்பல.